நாலாம் நம்பர் பஸ்ஸின் இடது பக்கம்

ஒரு பஸ்ஸின் இடது பக்கத்தைப் பார்த்தால் போதும், அதை ஓட்டுகிறவனைப் பற்றிச் சொல்லிவிடுவேன். வலது பக்கம் அவன் கண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. அதில் கீறல் விழாமல் ஓட்டுவது ஒன்றும் பெரிய சாமர்த்தியமில்லை. மரக்கிளை, மின்கம்பம், எவனோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டர் எல்லாம் இடது பக்கத்தில்தான் வந்து உரசும். எங்கள் கல்லூரி ஷெட்டில் முப்பத்தோரு பஸ்கள். முப்பதுக்கு நான் வருடத்தில் இரண்டு தடவையாவது இடது பக்கம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பேன். நாலாம் நம்பருக்கு மட்டும் பதினேழு வருடம் அதற்காகப் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததே இல்லை.

அதை ஓட்டியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடிகாரம். மூன்றாவது நிறுத்தத்தில் இருந்த மருந்துக் கடைக்காரர் சரியாக ஏழு பன்னிரண்டுக்கு ஷட்டரைத் தூக்குவார். சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்து இல்லை, நாலாம் நம்பர் வந்து நிற்பதைப் பார்த்து. எனக்கு அதே பிள்ளைகள் வைத்த பெயர் கிரீஸ். அதில் பொய்யொன்றும் இல்லை. குளித்துச் சலவைச் சட்டை போட்டு மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பினாலும் அந்த வாசனை என்னைவிட்டுப் போகாது. நான் ஷெட்டின் தலைமை மெக்கானிக். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மதியம் இரண்டு பேரும் பழைய டயர்களைப் போட்டு உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவர் குழம்பு எனக்கு, என் பொரியல் அவருக்கு. அப்படியே பதினேழு வருடம் ஓடிவிட்டது.

அவருக்கு ஒரே மகள். நல்ல படிப்பாளி. பள்ளி முடித்த வருடம், ஒரு மதியம், இரண்டு கடிதங்களோடு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே அவள் அம்மாவும் வந்திருந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவள், பேச்சும் கத்தரி மாதிரி வெட்டித்தான் வரும். ஒரு கடிதம் ஊருக்கு வெளியே இருக்கும் அரசு கல்லூரியிலிருந்து. கட்டணம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். கட்டடம் பழசு, பெயரும் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. இன்னொன்று எங்கள் கல்லூரியிலிருந்து. இதன் பெயரைச் சொன்னால் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு வருடக் கட்டணம் அவருடைய இரண்டு வருடச் சம்பளம்.

ஆனால் ஒரு விதி இருந்தது. ஊழியரின் பிள்ளைக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. ஊழியர் பணியில் உள்ளவரை.

"விரலுக்கேத்த வீக்கம் வேணும்" என்றாள் அவர் மனைவி. "மீதி கால் பங்குக்கே நான் ராப்பகலா தைக்கணும். அந்தக் காலேஜ்லயும் இதே பாடம்தானே சொல்லித் தர்றாங்க?"

"எனக்கும் அது போதும்பா" என்றாள் மகள். "நான் படிக்கணும்னு நெனச்ச சிவில் அங்க கெடைக்குது. ஹாஸ்டலும் இருக்கு."

அவர் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு கல்லூரி, அந்தப் பக்கம் ஒரு கல்லூரி என்று செலவை எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் குழந்தை பார்த்தாலும் எது கனம் என்று சொல்லிவிடும். அவர் பேனாவை மூடிவிட்டு நாலாம் நம்பரைப் பார்த்தார். அதன் விலாவில், ஜன்னல்களுக்குக் கீழே, முழ உயர எழுத்தில் கல்லூரியின் பெயர். நான் எழுதியதுதான்.

"பதினேழு வருஷமா இந்தப் பேரை நான்தான் ஊர் முழுக்க இழுத்துட்டுத் திரியறேன்" என்றார். "அடுத்தவன் புள்ளைங்களையே ஏத்தி எறக்கிட்டிருக்கேன். ஒரு நாள் என் பொண்ணு கைய ஆட்டி நிறுத்தி, இதுல ஏறணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வண்டியைப் பற்றி மட்டும் பேசத் தெரிந்தவன் வண்டியைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

"அண்ணே, முக்கால் பங்கு சும்மா குடுக்கறாங்க. கரும்பு தின்னக் கூலியா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். முடிவாகிவிட்டது. சிவிலில் இடமில்லை என்று எங்கள் கல்லூரி அவளுக்கு வேறொரு பிரிவைக் கொடுத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான், பெரியவர்கள் தப்புச் செய்யும்போது மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. அவருக்கு முதுகே நிமிர்ந்துவிட்டது. அவள் இரண்டாவது நிறுத்தத்தில் நின்று கையை ஆட்டுவாள். அவரும் யாரோ ஒரு மாணவிக்கு நிறுத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்துவார். அவள் ஏறும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "குட் மார்னிங்பா" என்பாள். டிரைவர் மகள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமே இருந்ததில்லை. அதை என்னிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் நாலாம் நம்பரின் இடது பக்கம் முதல் கீறலைப் பார்த்தேன். ஒரு முழ நீளம். யாருக்கும் விழக்கூடியதுதான் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் இடது கண்ணாடி உடைந்து வந்தது. அதற்கடுத்த மாதம் மறுபடியும் கண்ணாடி. பிறகு பின்சக்கரத்துக்கு மேலே ஒரு நசுங்கல். மருந்துக் கடை ஷட்டர் ஏழு பதினேழுக்கும் ஏழு இருபதுக்கும் திறக்க ஆரம்பித்தது. தாமதமானதால் வருகைப் பதிவு போகிறதென்று பிள்ளைகள் முனகினார்கள்.

வண்டியில் கோளாறு என்றால் அது எங்கே என்று தேடுவது என் தொழில். வண்டியில் கோளாறு இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, என் டப்பாவை மெதுவாக அவர் பக்கம் நீட்டினேன். எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவர், ஒரு சாண் தூரத்தில் இருந்த டப்பாவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவர் நோட்டீஸில் பொடி எழுத்தைப் படித்து ஏதோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

இழுக்காத குறையாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரத்தில் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணின் முறை வந்தபோது அவர் அழுத்தவே இல்லை. கருவி கெட்டுப்போயிருக்கிறது என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

டாக்டரம்மா சின்ன வயது. பொறுமையாகச் சொன்னார். "கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு காஞ்சுட்டு வருது. நேரா பாக்கறதுக்குக் குறையே தெரியாது. ஓரம்தான் மொதல்ல போகும். இடது கண்ணுல பெரும்பகுதி போயிடுச்சு, வலதுல ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்த சொட்டு மருந்து தர்றேன், அப்புறம் ஆபரேஷன் பாக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் என்னை முந்திக்கொண்டு, "தோட்டக்காரன்மா" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை அன்றிலிருந்து என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

"ரெண்டு வருஷமும் சொச்சமும்" என்றார். "அவ முடிச்சுடுவா. அதுவரைக்கும் நான் வேலையில இருந்தாகணும். வருஷாந்திர கண் சோதனையில எழுத்து அட்டையைத்தான் படிக்கச் சொல்றாங்க. அட்டை எனக்கு நல்லாவே தெரியுது."

உண்மைதான். அந்த வருடமும் கடைசி வரி வரை படித்துக் காட்டி, இளவட்ட டிரைவர்களைவிட நல்ல கண் என்று சான்றிதழ் வாங்கி வந்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பிரேக் சரியில்லாத வண்டியை வாசலைத் தாண்ட விடாதவன் நான். அதற்காக மேலாளரோடு சண்டை போட்டவன். அப்படிப்பட்ட நான் இடது பக்கம் கூடுதலாக ஒரு குவிகண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். கீறல் விழுந்தால் மேலாளர் வருவதற்குள் பெயின்ட் அடித்தேன். முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு நான்தான் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் பின்சீட்டுத் தோழிகளை விட்டுவிட்டு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வருவாளாம். "அந்தச் சிவப்பு சைக்கிள்காரர் தெனமும் இங்கதான் வர்றார்பா", "இந்தக் கம்பத்துல என்னமோ போஸ்டர் ஒட்டியிருக்காங்கப்பா", "பாருங்கப்பா, எவ்ளோ பெரிய லாரி". அப்பாவும் பெண்ணும் என்ன ஒட்டுதல் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவரும் பூரித்துப்போய் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்போது விளங்கவில்லை. சைக்கிள், கம்பம், லாரி எல்லாமே இடது பக்கம்.

மூன்றாம் வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தது. தேர்வுக் காலம். அன்று அவளுக்குத் தேர்வு இல்லை, வீட்டிலிருந்து படிக்கிறேன் என்று பஸ்ஸில் வரவில்லை. ஐந்தாவது நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரம் கட்டும்போது, முதல் வருட மாணவி ஒருத்தியின் தோள்பை இடது கண்ணாடியின் கம்பியில் மாட்டிக்கொண்டது. நாலைந்து அடி அவளை இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அலறிய பிறகுதான் அவர் பிரேக்கை மிதித்தார். முழங்கை எலும்பு முறிந்தது. இன்னும் ஒரு அடி சறுக்கியிருந்தால் முன்சக்கரம்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. இருபது வருடம் ஒரு புகார் வராத டிரைவர். ஏழு பன்னிரண்டு ஆசாமி. போன மாதம்தான் கண் சோதனையில் முதலாவது. மேலாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பஸ் நிற்பதற்கு முன்னால் கிட்டே போய் நிற்கலாமா என்று கேட்டார். மறுநாள் அவள் கட்டுப் போட்ட கையோடு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஷெட்டுக்கு வந்தாள்.

"சாரிண்ணா. என்னாலதான் உங்களுக்குக் கெட்ட பேரு" என்று அவரிடம் சொன்னாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்திருந்த அவர் மகள் அப்போது வாசலில் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். நான் ஒரு டீசல் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அப்பாவுக்கு இடது பக்கம் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

நான் வடிகட்டியையே பார்த்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஒன்றரை வருஷமாச்சும்மா."

"நானும் ஒன்றரை வருஷமாத்தான் முன் சீட்டுல உக்காந்திருக்கேன்" என்றாள். "எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். அம்பத்தஞ்சு பேரு மாமா, ஒரு நடைக்கு."

"இன்னும் ஒரு வருஷம்தானேம்மா" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ணு அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டா மாமா. அவரும் வாங்கிக்கிட்டாரு." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை, பஸ்கள் கிளம்புவதற்கு முன்னால், மேலாளரின் அறைக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்தாள். யார் கொடுத்தது என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாளாம். மேலாளர் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் மனுஷன்.

இந்தத் தடவை அட்டையைப் படிக்கச் சொல்லவில்லை. கிண்ணம் மாதிரி கருவி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். இத்தனை வருட உழைப்புக்கு மதிப்புக் கொடுத்து, ஒப்பந்த அடிப்படையில் வாசல் காவலாளி வேலை தருகிறோம் என்றார்கள். ஒப்பந்த ஊழியரின் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி கிடையாது என்பது அந்த உத்தரவின் அடுத்த பத்தியில் இருந்தது. அவர் அதை வாங்கவே இல்லை.

நேராக ஷெட்டுக்கு வந்தார். நான் ஒரு பஸ்ஸின் அடியில் கிடந்தேன். காலைத் தட்டி வெளியே வரச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு என்கூட வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்றார். "நீதானே சொன்ன?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவருக்குப் பின்னால், இடது பக்கமாக, நாலாம் நம்பரின் படியருகே அவர் மகள் நின்றிருந்தாள். அப்பாவைத் தேடித்தான் ஓடி வந்திருக்க வேண்டும். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கையைக் காட்டவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு சின்னப் பெண் செய்துவிட்டு நிற்கிறாள். அதன் பழியையாவது நான் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

"ஆமாண்ணே. நான்தான்" என்றேன்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். ஒரு அடி வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"கரும்பு தின்னக் கூலியான்னு கேட்டதும் நீதானேடா?"

திரும்பி நடந்தார். போகும்போது இடது தோள் பஸ்ஸின் கதவில் இடித்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அந்த ஒரு பொய்யில் போய்ச் சிக்கிக்கொண்டது. கடைசி வருடம் முழுக் கட்டணம். வங்கியில் ஈடு கேட்டார்கள், அவர்களுக்கு வாடகை வீடு. கருணை மனு கொடுத்தார்கள், விதி விதிதான் என்று பதில் வந்தது. என் வைப்பு நிதியில் இருந்ததை எடுத்துக்கொண்டு அவளைத் தனியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

"யாரு குடுத்தான்னு அப்பா கேப்பாரு மாமா. உங்க பேரைச் சொன்னா அந்தப் பணத்துல படிக்க விடமாட்டாரு. உண்மையைச் சொன்னா..." என்று நிறுத்தினாள். பிறகு, "அவரு மனசு விட்டுப் பேச இப்போ நான் ஒருத்திதான் இருக்கேன்" என்று சொல்லிக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் மீதியிருந்த கொஞ்சம் சேமிப்பையும் அவர் வலது கண் ஆபரேஷனுக்குச் செலவழிக்க வைத்தாள். அடுத்த வருடம் சேர்ந்துகொள்கிறேன் என்று அவரிடம் சொன்னாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். இப்போது ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் அளவு நாடா பிடிக்கிற வேலை. எங்கே படித்தாய் என்று கேட்கிறவர்கள் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் நிமிர்கிறார்களாம். சான்றிதழ் எங்கே என்றதும் சாய்ந்துவிடுகிறார்களாம். அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னாள். தையல்காரிக்கு உண்மை தெரியும். என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கு அந்தக் காலேஜுக்கு அனுப்பியிருந்தா, அவ படிப்பை இவர் கண்ணோட முடிச்சுப் போட்டிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நூல் வாங்கப் போனாள்.

அந்தக் கணக்கு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. கட்டணம், புத்தகம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதினோம். ஒரு மனுஷன் நாலு வருடம் எதுவும் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதை எழுதவில்லை.

போன மாதம் ஒரு காலை, என் வண்டி பஞ்சர். மருந்துக் கடைக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில் நின்றேன். சிறிது நேரத்தில் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். வந்து எனக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். நான் அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரம். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

அவர் மூக்கைச் சுளித்தார். "கிரீஸ் வாசனை வருதே. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "யாரும் இல்லப்பா. பஸ் போற ரோடு, வேற என்ன வாசனை வரும்?" என்றாள்.

அப்போது நாலாம் நம்பர் வந்தது. புது டிரைவர், ஏழு முப்பது. நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கியர் போட்டுக் கிளம்பியது. அவர் தலையைச் சாய்த்து, அது தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சுடுச்சு" என்றார். "ஏத்தத்துல ஒரு நாள் காலை வாரிடும். புள்ளைங்க இருக்கற வண்டி. அந்தப் பாவிகிட்ட யாராவது போய்ச் சொன்னா தேவலை."

"சொல்லிடலாம்பா" என்றாள் அவள்.

அவர்கள் பஸ் வந்தது. அவள் அவரை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். நான் ஷெட்டுக்குப் போய், நாலாம் நம்பர் நடை முடித்து வந்ததும், பழுதுபார்க்கிற குழிக்கு மேலே ஏற்றி கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட் ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. புதுசு மாட்டிக் கைகழுவிவிட்டு, டயர் மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அவர் சொன்னது சரிதான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை.